திருச்சி விமான நிலையம், நாகைத் துறைமுகம்: டெல்டாவில் ஒரு போக்குவரத்துச் சுற்றுப்பயணத்தை எப்படி அமைப்பது?

கோட்டகத்தான்

அனைவருக்கும் வணக்கம். விமான நிலையங்களையும் துறைமுகங்களையும் பார்ப்பதற்காகவே பயணம் செய்யும் நம்மில் பலர் சென்னைக்குப் போகிறோம், கொச்சிக்குப் போகிறோம், தூத்துக்குடி வரையிலும் போய் வருகிறோம். காவிரி டெல்டாவுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. "ஒற்றை ஓடுபாதை கொண்ட ஒரு விமான நிலையம், பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாத ஒரு துறைமுகம், இவற்றில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டும்.

என் கருத்து இதுதான். திருச்சி விமான நிலையத்தையும் நாகப்பட்டினத் துறைமுகத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சிறியவைதாம். ஆனால் ஒரே வழித்தடத்தின் புதிய வாயிலாகவும் பழைய வாயிலாகவும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, தென்னிந்தியாவில் வேறெங்கும் கிடைக்காத ஒரு காட்சி கிடைக்கிறது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு நாகையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. அதற்குப் பின்னர் எம்.வி. சிதம்பரம் அதே தடத்தில் ஓடியது. 1985 பிப்ரவரியில் வங்காள விரிகுடாவில் அந்தக் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் பலியான பின், அந்தப் பயணிகள் போக்குவரத்தே முடிவுக்கு வந்தது. இன்று அதே ஊர்களுக்குச் செல்லும் அதே வட்டார மக்கள் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். உள்நாட்டுப் பயணிகளை விட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாக இருக்கும் விமான நிலையங்கள் இந்தியாவில் மிகச் சிலவே. திருச்சி அவற்றில் ஒன்று. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், சார்ஜா என்று புறப்பாட்டுப் பலகையில் ஓடும் பெயர்களைப் படித்தாலே இது விளங்கும். பெருநகரம் ஒன்றின் வணிகத்தையோ சுற்றுலாவையோ நம்பி வளர்ந்த நிலையம் இது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, மன்னார்குடி, நாகூர் ஆகிய ஊர்களின் வீடுகள்தாம் இதை வளர்த்தன.

இதை நேரில் பார்க்க விரும்புபவர், வருகைப் பகுதிக்கு வெளியே பின்னிரவில் சற்று நேரம் நிற்க வேண்டும். தென்கிழக்காசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் நேரத்தில், டெல்டாவின் சிற்றூர்களிலிருந்து குடும்பத்தோடு வேன் பிடித்து வந்து காத்திருப்பவர்களைக் காணலாம். அந்த வேன்களின் முகப்பில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டால், பழைய நாகைத் துறைமுகத்தின் பின்னிலம், அதாவது அந்தத் துறைமுகத்தை நம்பியிருந்த உட்பகுதி, எதுவரை பரவியிருந்ததோ அந்த வரைபடம் உங்கள் குறிப்பேட்டில் உருவாகிவிடும். எத்தனை ஓடுபாதைகள், எத்தனை நிறுத்துமிடங்கள் என்று எண்ணுவதை விட இந்தக் கவனிப்புக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பொன்மலையார்

கோட்டகத்தான் சொல்லும் தொடர்பில் இரயிலை விட்டுவிட்டால் கதை பாதிதான் ஆகும். நாகையையும் திருச்சியையும் முதலில் இணைத்தது இருப்புப்பாதை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இரயில்வே நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய நிறுவனம். அதன் முதல் தடம் 1861இல் நாகையிலிருந்து தஞ்சைக்கும், அடுத்த ஆண்டு திருச்சிக்கும் திறக்கப்பட்டது. கடற்கரையில் ஒரு துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து நாட்டின் உட்புறம் நோக்கிப் பாதையை நீட்டுவது அக்காலக் கம்பெனிகளின் வழக்கம். எஞ்சின்களும் தண்டவாளங்களும் கடல் வழியாக வந்து இறங்க வேண்டியிருந்ததால், துறைமுகமே இரயில்வேயின் தாய்வீடாக இருந்தது.

அந்தப் பாதை முதலில் அகலப் பாதையாகத்தான் போடப்பட்டது. 1870களில் அதை மீட்டர் பாதையாக மாற்றினார்கள். நூறாண்டுக்கும் மேல் அப்படியே ஓடி, பின்னர் நம் காலத்தில் மீண்டும் அகலப் பாதையானது. ஒரே கரைமேட்டில் இரண்டு முறை பாதையின் அகலம் மாறியிருக்கிறது என்ற செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு தஞ்சைக்கும் திருவாரூருக்கும் இடையிலுள்ள பழைய பாலங்களின் தூண்களைப் பார்க்க வேண்டும். அவற்றின் அகலத்திலும் கட்டுமானத்திலும் காலங்கள் படிந்திருப்பது தெரியும்.

நாகையில் இருந்த இரயில்வே தொழிற்கூடம் 1928இல் திருச்சியின் பொன்மலைக்கு வந்தது. துறைமுக நகரத்திலிருந்து உள்நாட்டுச் சந்திப்புக்குத் தொழில் நகர்ந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்று இல்லை. நாகையின் தொழிலாளர் குடும்பங்கள் பல அந்தத் தொழிற்கூடத்தோடு சேர்ந்தே இங்கு வந்தன. இன்று அந்தப் பொன்மலைக்கு அருகிலேயே விமான நிலையமும் இருக்கிறது. ஆகவே திருச்சிக்கு வருபவர்கள் விமான நிலையத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், சந்திப்பு நிலையத்தை ஒட்டியுள்ள இரயில்வே அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பயணத்தின் இரண்டாம் நாளுக்கு ஒரு பாதையைப் பரிந்துரைக்கிறேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளி வரையுள்ள 37 கிலோமீட்டர் கிளைப்பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. பாதையின் முடிவில் உப்பளங்கள். உப்பு ஏற்றுவதற்காகவே உயிர்வாழ்ந்த பாதை அது. இரயில் சேவை குறைவு என்பதால் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

குடந்தை மாணவி

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறேன். விமானங்களைப் பார்ப்பதிலும் படமெடுப்பதிலும் எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு. பயணச்சீட்டு இல்லாத ஒருவர் திருச்சியில் உண்மையில் எதைப் பார்க்க முடியும்? முன்பெல்லாம் பல விமான நிலையங்களில் கட்டணம் செலுத்திப் பார்வையாளர் மாடத்துக்குச் செல்லலாம் என்று என் தந்தை சொல்வார். இப்போது அதற்கு வழியில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று படமெடுக்கலாமா? தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். வகுப்பில் இருக்கும்போதே சில நாள்களில் சுகோய் விமானங்களின் ஓசை கேட்கிறது.

கோட்டகத்தான்

தஞ்சையைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. அது போர்விமானத் தளம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று புதுப்பிக்கப்பட்டு, 2013 மே மாதத்தில் விமானப்படை நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 விமானங்களைக் கொண்ட 222ஆம் படையணி அங்கு நிலைகொண்டது. செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரிந்த இவ்வளவோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் அருகே படக்கருவியை வெளியே எடுப்பதே குற்றமாகக் கருதப்படலாம். விமானங்கள் பறந்த நேரத்தை எழுதி இணையத்தில் இடுவதும் கூடாது. நம் பொழுதுபோக்கு நாட்டின் பாதுகாப்புக்கு ஒருபோதும் இடைஞ்சலாகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

திருச்சியில் நிலைமை வேறு. அது குடிமக்கள் பயன்படுத்தும் நிலையம். ஆனாலும் சுற்றுச்சுவரை ஒட்டி நின்று படமெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே மத்திய தொழிற்பாதுகாப்புப் படை காவல் காக்கிறது. சுவரருகே நிற்பவரை அவர்கள் விசாரிப்பது அவர்களுடைய கடமை. அந்தச் சுவருக்கு ஒரு வரலாறும் உண்டு. 2018 அக்டோபரில் துபாய்க்குப் புறப்பட்ட போயிங் 737 விமானம் ஒன்று போதிய உயரம் எழாமல் அந்தச் சுவரில் உரசிச் சென்று, பின்னர் மும்பையில் பத்திரமாக இறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். அதை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கையும், அதற்கு நிலம் எடுப்பதில் உள்ள சிக்கல்களும் திருச்சி மக்களுக்குப் பழகிய செய்திகள். பேருடல் விமானங்களை இங்கு எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். ஏ320, போயிங் 737 வகைகளும், உள்நாட்டுத் தடங்களில் ஏடிஆர் என்னும் சிறிய சுழல்விசிறி விமானங்களுமே இங்கு வழக்கம்.

பயணச்சீட்டு இல்லாமலே பார்க்கத்தக்கது புதிய முனையத்தின் முகப்பு. 2024 ஜனவரி 2ஆம் நாள் பிரதமர் அதைத் திறந்துவைத்தார். பயணிகளின் பயன்பாட்டுக்கு அதே ஆண்டு ஜூன் மாதம் வந்தது. 75,000 சதுர மீட்டர் பரப்பு. நெரிசல் நேரத்தில் ஒரே சமயத்தில் ஏறத்தாழ 3,500 பயணிகளைக் கையாளும் வகையில் திட்டமிடப்பட்டது. கோபுரத்தையும் கோலத்தையும் நினைவூட்டும் வண்ணங்களை வெளிநாட்டினருக்கான அலங்காரம் என்று சிலர் குறை கூறினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் உழைத்துவிட்டு இறங்குபவருக்குத் தன் ஊரின் நிறம் முதலில் கண்ணில் படுவது நல்லதுதான்.

படமெடுக்க மிகச் சிறந்த இடம் விமானத்தின் சன்னல்தான். பயணிகள் விமானத்துக்குள்ளிருந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் உட்பட, படமெடுக்கலாம் என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2004 டிசம்பரிலேயே சுற்றறிக்கையாக வெளியிட்டது. பணியாளர்கள் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிட வேண்டும். படைத்தளங்களை ஒட்டிய நிலையங்களில் இந்த உரிமை இல்லை.

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏடிஆர் விமானத்தில் பயணச்சீட்டு எடுங்கள். அதன் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் கீழே உள்ள நிலம் மறைவதில்லை. எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைக் காற்று தீர்மானிக்கும். ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. ஆடி மாதத்தில் மேல்காற்று வலுவாக வீசும்போது விமானம் கிழக்கேயிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கும். அப்போது வலப்பக்கச் சன்னலில் கல்லணையும், காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து கிடக்கும் நிலமும், பின்னர் திருவரங்கமும் வரிசையாக வரும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றுக் காலத்தில் மேற்கேயிருந்து இறங்கினால் ஆறுகள் இடப்பக்கம் இருக்கும். கல்லணையில் தண்ணீர் திறந்த பிறகு வந்தால், ஒரே ஆறு பல ஆறுகளாகப் பிரிந்து நிலத்தில் பரவுவதை ஒரே பார்வையில் காணலாம். பாடப்புத்தக வரைபடத்தால் அதை அப்படிக் காட்ட முடியாது.

கடலோடி

வணிகக் கப்பல்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இழையைத் தொடங்கிய நண்பரின் மையக் கருத்தோடு மரியாதையுடன் மாறுபடுகிறேன். நாகையின் வாரிசு திருச்சி என்பது கேட்க நன்றாக இருக்கிறது. காலக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. கப்பல் நின்றது 1985இல். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் குறைந்த கட்டண விமானங்கள் பெருகியது 2000க்குப் பிறகு. இடைப்பட்ட காலத்தில் டெல்டா மக்களில் பெரும்பாலோர் இரயிலிலும் பேருந்திலும் சென்னைக்குப் போய்த்தான் விமானம் ஏறினார்கள். மேலும், வளைகுடாப் பயணம் என்பது 1970களின் எண்ணெய்ப் பொருளாதாரம் உண்டாக்கிய புதிய பயணம். அதற்கும் நாகைக்கும் தொடர்பு இல்லை. இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. நாகையில் கப்பல் ஏறியவர்களில் மிகப் பெரும் பகுதியினர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் ஆள்சேர்க்கும் கங்காணிகள் மூலம் கொண்டுசெல்லப்பட்ட கூலித் தொழிலாளர்கள். அவர்களை முகாமில் தங்கவைத்து, மருத்துவச் சோதனை செய்து, அலைகளில் ஆடும் படகுகளில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசு அந்தத் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. கையில் கடவுச்சீட்டும் திரும்பி வருவதற்கான சீட்டும் வைத்துக்கொண்டு இன்று விமானம் ஏறுபவருடைய பயணத்தை அதன் தொடர்ச்சி என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

துறைமுகத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பெரிய கப்பல் கரைக்கு வராதது நாகையின் குறை என்று பலர் எழுதுகிறார்கள். இது ஆற்றுமுகத் துறை. கடுவையாற்றின் வாயில் அமைந்தது. ஆறு கொண்டுவரும் வண்டல், கரையோர நீரோட்டம் இழுத்துவரும் மணல், இரண்டும் சேர்ந்து வாயை அடைத்துக்கொண்டே இருக்கும். கோடையில் ஆற்றில் நீரோட்டம் இல்லாதபோது அதைத் தள்ளிவிட விசையும் இருக்காது. டெல்டாக் கடற்கரை முழுவதற்கும் இதுவே இயல்பு. ஆகவே ஆழமான கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்பதும், ஆட்களும் சரக்கும் படகுகளில் போய்வருவதும் இங்கே நெடுங்காலமாக நடந்துவந்த முறை. டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகையைக் கைப்பற்றி, 1690இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தையே இங்கு மாற்றியபோதும் இதே மணல்தான், இதே படகுகள்தான். 2023இல் இலங்கைக்குப் பயணிகள் கப்பல் விடுவதற்காக முகத்துவாரத்தைத் தூர்வாரினார்கள். தூர்வாரியது நிலைக்க வேண்டுமானால் திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும்.

உல்லாசக் கப்பல் நாகைக்கு வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 ஜூலையில் கொர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது கரையை அணையவில்லை. கடலில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்பியது. அதாவது நாகையில் ரஜூலாவுக்குச் செய்ததையே இன்றைய கப்பலும் செய்தது. எனவே ஆழமில்லாமை ஒன்றையே காரணமாகச் சொல்லி நாகையைத் தள்ளிவிட முடியாது. வருபவர்கள் இறங்கியபின் அவர்களுக்குக் காட்ட நாகூரும் வேளாங்கண்ணியும் தரங்கம்பாடியும் அருகிலேயே உள்ளன.

நாகைக்கு வருபவர்கள் கடற்கரையோடு நிற்காமல், ஆற்றுக்கு அப்பால் அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்துக்கும் செல்லுங்கள். விசைப்படகுகள் வாயைக் கடந்து உள்ளே வரும் விதத்தைச் சற்று நேரம் கவனித்தால், மணல்திட்டு எங்கே இருக்கிறது என்பதைப் படகோட்டிகளின் வளைவுகளே உங்களுக்குச் சொல்லிவிடும். ஏலம் நடக்கும் நேரத்தில் தொழிலாளர்களின் வழியில் நிற்காதீர்கள். கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள்.

வலிகாமம் வடக்கு

அண்ணன்மார்களுக்கும் தங்கைக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைப் பக்கத்தவன். கடலோடி ஐயா குறிப்பிட்ட கப்பலின் மறுகரையிலிருந்து எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 14ஆம் திகதி செரியபாணி என்ற கப்பல் நாகையிலிருந்து எங்கள் துறைக்கு வந்தது. மழைக்காலம் நெருங்கியதால் சில நாள்களிலேயே அந்தச் சேவை நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு அது மீண்டும் தொடங்கியது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்பதால் அப்போது சேவை நிறுத்தப்படுவதும், காலநிலை தெளிந்தபின் மறுபடி தொடங்குவதும் வழமையாகியுள்ளது. இரு துறைகளுக்கும் இடையே ஏறத்தாழ 60 கடல் மைல். பயணம் நான்கு மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் 1964ஆம் ஆண்டுப் புயலோடு நின்றுபோன கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இந்தியாவின் பெயர் எழுதிய பயணச்சீட்டோடு ஒரு கப்பல் எங்கள் துறையில் நிற்பதே பெரிய காட்சி.

உங்கள் சுற்றுப்பயணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். காங்கேசன்துறைத் துறைமுகத்திலிருந்து பலாலி விமான நிலையம் மிக அருகில், சில கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. அது 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2025 மார்ச் இறுதியிலிருந்து அங்கிருந்து திருச்சிக்கு ஏடிஆர் விமானச் சேவை தொடங்கியது. ஆகவே நாகையில் கப்பல் ஏறி, எங்கள் ஊரில் ஓரிரு நாள் தங்கி, பலாலியில் விமானம் ஏறித் திருச்சியில் இறங்கலாம். கடலில் அரை நாள் எடுத்த வழியை விமானம் ஒரு மணித்தியாலத்துக்குள் கடந்துவிடும். கப்பலிலும் விமானத்திலும் நாள் மாற்றங்கள் அடிக்கடி வருவதால், இரண்டு சீட்டுகளுக்கும் இடையே நாள் இடைவெளி விட்டே பதிவு செய்யுங்கள். இலங்கை நுழைவு அனுமதிக்கான விதிகளையும் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பலாலிக்கும் இந்தியாவுக்கும் விமானத் தொடர்பு புதியது அல்ல. ஏர் சிலோன் 1947 டிசம்பரில் தன் முதலாவது சேவையைக் கொழும்பு இரத்மலானையிலிருந்து சென்னைக்கு நடத்தியபோது, அந்த டக்கோட்டா விமானம் எங்கள் ஊரில் இறங்கித்தான் சென்றது. போர்க்காலத்தில் பலாலியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து எங்கள் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அந்த நிலையத்துக்குள் நாங்கள் பயணிகளாக நடந்துபோவது எங்களுக்கு வேறு ஒரு பொருளும் உடையது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

வாஞ்சூர்வாசி

காரைக்கால் துறைமுகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். 2009இல் இயங்கத் தொடங்கிய தனியார் துறைமுகம் அது; 2023இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. கடலுக்குள் கல்லால் அலைதடுப்புச் சுவர்கள் நீட்டி, நடுவே ஆழமாகத் தோண்டி அமைத்த துறை என்பதால், கடலோடி ஐயா விவரித்த வண்டல் சிக்கலை வேறு வகையில் எதிர்கொள்கிறது. நாகையிலிருந்து சிறிது தூரத்தில், அதே கடற்கரையில் இரண்டு வேறுபட்ட தீர்வுகளைப் பார்க்கலாம்: ஆற்று வாயை ஏற்றுக்கொண்டு படகால் சமாளித்த பழைய துறை ஒன்று, கரையையே புதிதாகக் கட்டிக்கொண்ட புதிய துறை ஒன்று. முக்கியச் சரக்கு நிலக்கரி. பொதுமக்கள் உள்ளே செல்ல முடியாது. 2004 முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டுக் கப்பல் துறைமுகப் பாதுகாப்பு விதிகளின்படி எந்தத் துறைமுகமும் அப்படி அனுமதிப்பதில்லை. நாகூர்க் கடற்கரையில் நின்றால் வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களைப் பார்க்கலாம். கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் மரைன்டிராஃபிக் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தால் எந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். நாகூர் இரயில் நிலையத்தில் காத்திருந்தால் நிலக்கரி ஏற்றிய சரக்கு இரயில் கடந்து செல்லும்.

குடந்தை மாணவி

எல்லோருக்கும் நன்றி. நாகூர் என்றதும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் பினாங்கில் சூலியா தெருவிலும் நாகூர் தர்காவின் பெயரிலேயே நினைவிடங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் இருப்பது 1828 முதல் 1830 வரையிலான காலத்தில் கட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலில் ஏற்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மரைக்காயர் வணிகர்களும் மாலுமிகளும் இந்தத் தடத்தில் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு அவை சான்று அல்லவா? அப்படியானால் நாகையின் கடல்வழியைக் கூலித் தொழிலாளர்களின் வழி என்று மட்டும் சொல்வதும் முழுமையாகாது என்று நினைக்கிறேன், கடலோடி ஐயா.

கடலோடி

நியாயமான கேள்வி, அம்மா. நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்பினான். சோழ மன்னன் ஆனைமங்கலத்தை அதற்குக் கொடையாகக் கொடுத்தான். அந்த நட்பு நிலவிய அதே கடலில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மலாய்க் கரையிலிருந்த கடாரத்தின் மீது படையெடுப்பும் நடந்தது. ஆகவே வணிகரும் துறவியரும் படைவீரரும் கூலித் தொழிலாளரும் ஒரே வழியில் வெவ்வேறு காலங்களில் போயிருக்கிறார்கள். நான் வலியுறுத்துவது, போனவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் போகவில்லை என்பதைத்தான்.

கோட்டகத்தான்

கடலோடி ஐயாவின் மறுப்பை நான் மதிக்கிறேன். அதனால் என் கருத்தை இன்னும் துல்லியமாக எழுதுகிறேன். கட்டடத்துக்கும் நிறுவனத்துக்கும் வாரிசு தேடினால் அவர் சொல்வதே சரி. இருபது ஆண்டு இடைவெளியை யாரும் மறைக்க முடியாது. நான் பேசுவது பயணம் தொடங்கும் ஊர்களைப் பற்றி. சென்னை வழியாகப் போன அந்த இருபது ஆண்டுகளிலும் புறப்பட்ட ஊர்கள் மாறவில்லை. போய்ச்சேர்ந்த ஊர்களிலும் சிங்கப்பூரும் பினாங்கும் கோலாலம்பூரும் மாறவில்லை. துறைமுகம் மூடினாலும் தேவை மூடவில்லை. அந்தத் தேவைதான் சிறிய ஓடுபாதையைக் கொண்ட திருச்சிக்கு 2012 அக்டோபரில் பன்னாட்டு நிலையம் என்ற தகுதியைப் பெற்றுத் தந்தது. வளைகுடாவுக்கும் அப்படித்தான்: தடம் புதிது, வெளியே போய்ச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காக்கும் பழக்கம் பழையது. போனவர்களின் நிலை வேறுவேறு என்பதை மறுக்கவில்லை. நிலையத்தைப் பார்க்கப் போகும் நாம் அந்த வேறுபாட்டையும் கண்டு எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பயணத்திட்டத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன சுற்று வழி என் திட்டத்தை விடச் சிறந்தது. ஆகவே அதையே வைத்து எழுதுகிறேன். திருச்சியில் தொடங்கி, பொன்மலையார் சொன்ன அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, 1861ஆம் ஆண்டுத் தடத்திலேயே இரயிலில் நாகைக்குச் செல்வது. அங்கே அக்கரைப்பேட்டை, நாகூர், தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனியர்களிடம் இருந்த தரங்கம்பாடிக்குத் தனியாகச் செல்பவர்கள் அரை நாள் ஒதுக்கினால் போதும். கோட்டையின் மேலிருந்து கடலைப் பார்த்தால், கப்பல்கள் ஏன் வெளியே நின்றன என்பது புரியும். பிறகு நாகையில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறை. பலாலியிலிருந்து விமானத்தில் மீண்டும் திருச்சி. அந்த விமானம் நேர்கோட்டில் வந்தால் அதிராம்பட்டினத்தை ஒட்டித்தான் கரையைக் கடக்கும். வலப்பக்கம் அமர்ந்தவருக்கு முத்துப்பேட்டைக் காயலும் அலையாத்திக் காடும், வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரையின் முனையும் தெரியும்.

பொன்மலையார்

இந்தத் திட்டத்துக்கு மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. கடல் அமைதியாக இருக்கும்; வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது. ஆனால் அப்போது ஆறுகளில் தண்ணீர் இருக்காது. கல்லணை திறந்தபின் வானிலிருந்து ஆறுகளைப் பார்க்க விரும்புபவர் ஆடி, ஆவணியில் வர வேண்டும். கப்பல் ஓடும் காலத்தோடு அது பொருந்துகிறதா என்பதை வலிகாமத்து நண்பர்தான் சொல்ல வேண்டும்.

வலிகாமம் வடக்கு

பொருந்தும், ஐயா. 2024இல் சேவை மீண்டும் தொடங்கியதே ஆகஸ்ட் மாதத்தில்தான், அதாவது உங்கள் ஆடி மாதக் கடைசியில். தென்மேல் காற்றில் கப்பல் சற்று ஆடும். கடல் பழகாதவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாமல், இலேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறட்டும். புறப்படுவதற்கு முதல் நாள் மாலையில் கப்பல் நிறுவனத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். காலநிலை மோசமானால் அவர்கள் நாளை மாற்றிவிடுவார்கள். அப்படியானால் திருச்சி விமானத்தின் நாளையும் நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும்.